செம்மரம் நடலாமா சார்?

வாரத்துக்கு ஒரு போனாவது வந்துவிடுகிறது. "சார், உங்க தோட்டத்துல செம்மரம் இருக்குன்னு கேள்விப்பட்டோம். ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்கு, போடலாமா? எத்தனை வருஷத்துல காசு?" முதல் இரண்டு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவேன். மூன்றாவது கேள்வி வந்ததும், "ஒரு நாள் நேர்ல வாங்க, பேசலாம்" என்பேன். வந்தவர்கள் குறைவு. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை கண்ணுக்கு எதிரே நிற்கும் இடத்தில் எனக்கு நாலு ஏக்கர் இருபது சென்ட். வங்கியில் வேலை பார்த்தபோதே 2011இல் வாங்கியது. அந்த வருஷமே ஒரு நாற்றுக்காரர் வந்தார். கையில் வண்ண அட்டை, கால்குலேட்டர். ஏக்கருக்கு 400 கன்று, 15 வருஷம், ஒரு கோடி. மரம் ஒன்றுக்கு இவ்வளவு கிலோ, கிலோவுக்கு இவ்வளவு ரூபாய் என்று அவர் பெருக்கிக் காட்டிய வேகத்தில், முப்பது வருஷம் வட்டி போட்டுப் பழகின நானே வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

எனக்கு எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும். 1990களில் தேக்குப் பண்ணைக் கம்பெனிகள் வந்து போனதை கவுண்டரின் உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் நான். பென்ஷன் பணத்தை டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தேக்கு யூனிட் வாங்கின வாத்தியார்களுக்கு நானே டி.டி. எழுதிக் கொடுத்திருக்கிறேன். செபி 1999இல் விதிமுறை போட்டுக் கடிவாளம் கட்டுவதற்குள் ஊரில் பாதிப் பேர் பணம் போய்விட்டது. அப்படியும் நான் 210 செம்மரக் கன்று வாங்கினேன். 'தேக்குதானே ஏமாத்துச்சு, இது வேற மரம்' என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது.

நாற்றுக்காரர் போட்ட பெருக்கலில் தப்பு எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு நடவும் மூன்று வருஷப் பராமரிப்பும் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத கூட்டு வட்டியில் பணம் 9 வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 27 வருஷத்தில் எட்டு மடங்கு, 12 லட்சம். 400 மரத்தில் வகுத்தால் மரத்துக்கு 3,000 ரூபாய் கிடைத்தாலே டெபாசிட்டுக்குச் சமம். செம்மரம் அதைத் தாண்டிவிடும் என்றுதான் தோன்றும். பெருக்கலுக்குள் வராத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை எனக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தது என் நிலம்தான்.

தாழ்ந்த வயலும் கல் வரப்பும்

என் நிலம் இரண்டு ரகம். கீழே ஓடை ஓரமாகத் தாழ்வான களிமண் வயல். மேலே சரளைக் கல்லும் செம்மண்ணுமாக, கடப்பாரை போட்டாலும் 'ணங்' என்று திருப்பி அடிக்கிற மேடு. நல்ல மரத்துக்கு நல்ல நிலம் என்று நினைத்து 150 கன்றைக் கீழே நட்டேன். மிச்சம் 60 கன்றை, வீணாகப் போகக் கூடாதே என்று, மேட்டு வரப்பிலும் கல் மூலையிலும் குத்திவிட்டேன்.

ஐப்பசியில் நட்டது. டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை கடந்தது. எங்களுக்குக் காற்று அவ்வளவு இல்லை, மழைதான். கீழ் வயலில் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகி, நுனி கருகி, வேர் அழுகி, அடுத்த இரண்டு மழைக்குள் 150இல் 11தான் மிஞ்சியது. மேட்டில் யாரும் எட்டிப் பார்க்காத 60இல் 54 நின்றது. அதற்கப்புறம்தான் இந்த மரம் எங்கே பிறந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். நடுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

செம்மரத்தின் தாவரப் பெயர் டெரோகார்பஸ் சாண்டலினஸ். இது இயற்கையாக வளர்வது உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி, அதாவது ஆந்திராவின் சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா மலைகளும் அவற்றை ஒட்டி நம் பக்கம் நீளும் கொஞ்சம் எல்லைக் காடும். திருப்பதி மலை ஏறும்போது வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறைச் சரிவுகளைப் பார்க்கிறோமே, அதுதான் இதன் பிறந்த வீடு. மண் ஆழம் கிடையாது, தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்காது. கோடையில் இலை முழுவதும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அழியப்போகிற மரம் என்றதும் நம் மனசு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குத்தான் ஓடுகிறது. இந்த மாதிரி வறண்ட காட்டு மரம் நின்று போனால் கவலைப்பட ஆள் இல்லை.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது 'அழியும் ஆபத்தில் உள்ள' இனம். இடையில் 2018இல் இரண்டு படி இறக்கி 'ஆபத்தை நெருங்குகிறது' என்று வைத்தார்கள். சில வருஷத்திலேயே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காட்டில் மரமே இல்லை என்பது இதற்குப் பொருள் இல்லை. வைரம் பாய்ந்த பெரிய மரங்களாகப் பார்த்து வெட்டி வெட்டி, விதை தரக்கூடிய வயசு மரங்கள் குறைந்து, தளிர்க் குச்சிகளும் இளசுகளும் மட்டும் மிஞ்சுகிற நிலை. ஊரில் பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற மாதிரி. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வைரம் பாய இன்னும் ஒரு தலைமுறை ஆகும். அதுவரை விட்டுவைத்தால்தானே.

வெள்ளைக் கட்டை

2019 மாசியில் ஒரு ராத்திரி, வரப்பு மரத்தில் இரண்டை யாரோ அறுத்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மரம் அங்கேயே கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போகவில்லை. வெட்டு முகத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. தொடை பருமன் மரம், எட்டு வயசு. உள்ளே எல்லாம் வெள்ளை. நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு மட்டும் சிவப்பு. திருடன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பான்.

அட்டையில் வராத முதல் விஷயம் இதுதான். விலை என்பது உள்ளே இருக்கும் சிவப்பு வைரத்துக்கு மட்டுமே. சுற்றியுள்ள வெள்ளைக் கட்டை விறகு விலைக்குப் போகும். வைரம் பாய ஆரம்பிக்கவே பல வருஷம் ஆகும், விற்கிற அளவுக்கு வர 25, 30 என்று ஆகிவிடும். தண்ணீரும் உரமும் ஊற்றி வேகமாகப் பருக்க வைத்தால் பருக்கும். அப்படிப் பருப்பதில் வெள்ளைதான் அதிகம். காட்டில் கல்லுக்குள் கஷ்டப்பட்டு வளர்ந்த மரத்துக்குத்தான் அந்தக் கனம். நல்ல வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதிலும் அலை அலையாக ரேகை ஓடும் கட்டைக்குத்தான் சீனா, ஜப்பானில் தனி மவுசு. சீனாவில் ராஜாக்கள் காலத்திலிருந்து மேசை நாற்காலி, ஜப்பானில் நரம்பு வாத்தியத்தின் கழுத்துப் பகுதி. அந்த அலை ரேகை எந்த மரத்தில் விழும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆந்திர அரசின் ஏலத்தில் முதல் தரக் கட்டை டன் ஒரு கோடிக்கு மேல் போனதுண்டு. நாற்றுக்காரர் உங்களிடம் பெருக்கிக் காட்டுவது அந்த விலையை. நம் வரப்பு மரம் அந்தத் தரத்துக்கு வருமா என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது.

வெட்டுப்பட்ட இரண்டு அடிக்கட்டையும் சித்திரைக் கோடை மழைக்குத் தளிர்த்தன. ஆளுக்கு ஒரு நேர்க்குச்சியை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தேன். இப்போது என்னைவிட உயரம்.

"இது அந்தக் கட்டைதானுங்களே?"

கல் வரப்பு கட்ட 2016இல் மலையிலிருந்து ஆள் வந்தது. அதில் ஒருவரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம். அவர்தான் முதலில் பேசினார்.

"மேனேஜர் சார்தானுங்களே? என்னைத் தெரியலீங்களா? ஆட்டுக் கடனுக்கு வந்தேனே."

வந்தார். 2009 வாக்கில். வெள்ளிமலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி, மூன்று தரம் வந்தார். நிலம் அவர் தாத்தா காலத்திலிருந்து உழுவது, பட்டா மட்டும் கிடையாது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த பூமி. அதற்குப் பிறகும் காட்டு நிலமா, வருவாய் நிலமா என்ற இழுபறியில் பல குடும்பங்களுக்குக் காகிதம் வந்து சேரவில்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பட்டா இல்லாதவருக்குக் கடன் கொடுக்க எனக்கு விதி இடம் தரவில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது.

வேலை முடிந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது வரப்பு மரத்து இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சாரு, இது அந்த ஆந்திராக் கட்டைதானுங்களே?"

"ஆமா கவுண்டரே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூணு எல. எங்க வேங்கைக்கு அஞ்சு, ஏழு எல வரும். இதுக்கு மூணுதான். தம்பி மகன் சொல்லியிருக்கான். அவன் ரெண்டு வருசம் அங்க ஜெயில்ல இருந்தான்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க பசங்க இதுக்குப் போயி சாவுறாங்க. நீங்க பைப்பு போட்டு தண்ணி உட்டு வளக்கறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

2015 ஏப்ரல் 7 எல்லாருக்கும் நினைவிருக்கும். சேஷாசலம் காட்டில் ஒரே விடியலில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் நம் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்கள், பெரும்பாலும் மலைக்காரர்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அந்த ஐந்து பேரும் இதே கல்வராயன் மலையின் சேலம் பக்கம், கருமந்துறை வட்டாரத்துக் கிராமத்தார். போனவர்கள் எல்லாரும் கோடாலி பிடிக்கத் தெரிந்த கூலி ஆட்கள். கட்டையின் விலை அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. தரகன் வந்து முன்பணம் கொடுத்து வேன் ஏற்றுவான். மாட்டினால் அந்தத் தரகனின் பெயர்கூடச் சொல்லத் தெரியாது. கவுண்டரின் தம்பி மகனும் அப்படிப் போனவன்தான்.

மரத்தால் இந்த மலை பட்ட பாடு புதிதும் இல்லை. அதற்கு முன்னால் சந்தனம். பக்கத்துச் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று உள்ளே போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்ததற்கு, 2011இல்தான் தண்டனை வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு வருஷம். சந்தனம் வெட்டிப் பணக்காரனானவன் யாரும் அந்த ஊரில் இல்லை.

அந்த ஆட்டுக் கடனைக் கொடுத்திருந்தால் தம்பி மகன் ஆந்திரா போயிருக்க மாட்டான் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாழ்க்கை அப்படி நேர்க் கணக்கு இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. பட்டா உள்ள நான் செம்மரத்தை நட்டு, பதிந்து, ஒரு நாள் விற்கலாம். பட்டா இல்லாத அவர் தன் கொல்லையில் ஒரு கன்று வைத்தாலே குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறார். இந்த மரத்தைக் காப்பாற்றணும் என்று பேசுகிறவர்கள் யாரும் இதை அதிகம் பேசுவதில்லை.

காகிதம்தான் உரம்

இனி நடப்போருக்கான விஷயத்துக்கு வருகிறேன்.

செம்மரம் 1995இலிருந்து சைட்டீஸ் என்னும் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டில் வெட்டின கட்டையை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பட்டா நிலத்தில் வளர்த்ததை அனுப்ப மத்திய அரசு 2019இல் வழிவிட்டது. இந்தியா இந்த மரத்தை ஒழுங்காகக் கையாளுகிறதா என்று 2004இலிருந்து அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரு மறு ஆய்வு ஓடிக்கொண்டே இருந்தது. 2023 நவம்பரில்தான் அதிலிருந்து நம் நாட்டை விடுவித்தார்கள். வளர்க்கிறவர்களுக்கு இது நல்ல சேதி. இதற்கிடையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் நான்காம் அட்டவணையிலும் செம்மரம் ஏறியிருக்கிறது. அதனால் காகிதம் இல்லாத கட்டை உங்கள் வீட்டில் இருப்பது நல்லதல்ல, உங்கள் நிலத்திலேயே வளர்ந்ததாக இருந்தாலும்.

நான் செய்தது இது. கன்று வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தினேன். கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று நடை நடந்து, அடங்கலில் மரத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் ஏற்ற வைத்தேன். "வேலி மரம்னு போட்டுக்கலாமே சார்" என்றார்கள். விடவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, மார்பு உயரத்தில் சுற்றளவு எடுத்து, தை மாதம் தோறும் நோட்டில் எழுதுகிறேன். திருட்டுப் போன இரண்டுக்கும் போலீசில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். கட்டை போகாவிட்டாலும் மனு கொடுங்கள். நாளைக்கு எண்ணிக்கை குறைவதற்கு நீங்கள்தான் பதில் சொல்லணும்.

வெட்டுகிற காலத்தில் மாவட்ட வன அலுவலருக்கு மனு. அதோடு பட்டா, சிட்டா, அடங்கல், நில வரைபடம். அவர்கள் வந்து பார்த்து, அளந்து, அனுமதி கொடுத்த பிறகே கோடாலி. கட்டையில் முத்திரை, வண்டிக்கு வழிச்சீட்டு. இவை இல்லாமல் உங்கள் தோட்டத்து வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. மலைக் கிராமங்களுக்கு 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு நடுகிறவர் வெட்டும் வருஷத்து விதியை அன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு மட்டும் இன்றைக்கே வேண்டும்.

பலன் வருவதற்கு உதாரணமும் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம், செம்மர வணிகத்தில் வசூலித்த பயன் பகிர்வுத் தொகையை 2025இல் திருவள்ளூர் மாவட்டத்தில் 18 விவசாயிகளுக்கு ஒதுக்கியது. கட்டை விலைக்கு மேல் கிடைக்கும் தொகை அது. மரம் யாருடைய நிலத்தில் வளர்ந்தது என்று காகிதம் இருந்தால்தான் அந்தப் பணம் வந்து சேரும்.

நடும் முறை

தனித் தோப்பாக நடாதீர்கள். நாலு ஏக்கர் முழுக்க ஒரே மரம் வைத்துவிட்டு இருபத்தைந்து வருஷம் என்ன சாப்பிடுவது? வரப்பிலும், கல் மூலையிலும், வேறெதுவும் வராத சரளை மேட்டிலும் வையுங்கள். நிழல் கனமாக இருக்காது. என் மேட்டில் மரத்துக்கு நடுவே கொள்ளும் துவரையும் சாமையும் எடுக்கிறேன். பயறுக் குடும்பத்து மரம் என்பதால் வேரில் முடிச்சு கட்டுகிறது. கோடையில் கொட்டும் இலை அப்படியே மூடாக்கு. பக்கத்து வரப்பை விட இந்த வரப்பில் மண் பொலபொலவென்று இருப்பதைக் கையில் அள்ளியே காட்டுவேன்.

விதை: தட்டையான வட்டக் காய், சுற்றிலும் இறக்கை, பார்த்தால் சின்ன அப்பளம் மாதிரி. சித்திரை, வைகாசியில் பூத்து, காய் முற்றிப் பழுப்பாக மறு மாசி, பங்குனி ஆகிவிடும். காய்த்தோல் கடினம், அதனால் முளைப்பு மோசம். இறக்கையைக் கத்தரித்துவிட்டு சாணிக் கரைசலில் மூன்று நாள் ஊறப் போடுகிறேன். பகலில் எடுத்து நிழலில் உலர்த்தி ராத்திரி மறுபடியும் ஊற வைக்கிறேன். அப்படியும் பாதி முளைத்தால் பெரிய விஷயம். இரண்டு வாரத்தில் ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேலும் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருக்கும். பொறுமையில்லாமல் பாத்தியைக் கிளறிவிடாதீர்கள், நான் ஒரு தரம் கிளறிக் கெடுத்தேன். பழைய விதை வேண்டாம், அந்த வருஷத்து விதை போதும்.

ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மரம் 13 அடி. குழியில் மேல்மண், மக்கின தொழுவுரம், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. கரையானுக்கு அது போதும். நடவு புரட்டாசி, ஐப்பசி மழையில். முதல் மூன்று கோடைக்கு மட்டும் தண்ணீர், அதற்குப் பின் மழைதான். சொட்டுநீர் பைப்பை நான் கவுண்டர் சொன்ன வருஷமே பிடுங்கிவிட்டேன். மரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆடு மாடுக்கு இந்த இலை பிடிக்கும், இளங்கன்றுக்கு முள்வேலி கட்டாயம். பக்கக் கிளையை இளசிலேயே கழித்துவிட்டால் அடிமரம் நேராக வரும். தண்ணீர் நிற்கும் இடம் என்றால் வேண்டவே வேண்டாம், என் 139 கன்று அதற்குச் சாட்சி.

காவல் வைக்க முடியாத தூரத்து நிலத்தில் வைக்காதீர்கள். மரம் பருக்கப் பருக்கத் தூக்கம் குறையும். நான் வேலை பார்த்த காலத்தில் நிற்கும் மரத்தை அடமானமாக ஏற்றதில்லை. அவசரத்துக்குக் கடன் வாங்க உதவாது, நினைத்த நாளில் விற்கவும் முடியாது. பிள்ளையின் கல்யாணத்துக்கு ஆகும் என்று நடாதீர்கள். பேரனுக்கு வேண்டுமானால் ஆகும்.

எங்கள் வீட்டில் ஒரு மரப்பாச்சி ஜோடி இருக்கிறது. அம்மாவின் கல்யாணத்தின்போது திருப்பதியில் வாங்கியது. கொலுவில் முதல் படியில் பட்டு உடுத்தி நிற்கும். குழந்தைக்கு வீக்கம் என்றால் கல்லில் உரைத்துப் பற்றுப் போடுவார்கள். கை பட்டுக் கை பட்டு மூக்கும் முழியும் தேய்ந்துவிட்டது, சிவப்பு போகவில்லை. இப்போது கடையில் மரப்பாச்சி என்று கிடைப்பதில் பாதி, ஏதோ ஒரு மரத்துக்குச் சாயம் பூசினது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முறையாக வளர்ந்த செம்மரம் நம் ஆசாரிகள் கைக்கும் ஒரு நாள் வந்தால் நன்றாக இருக்கும். என் கணக்கில் சீன நாற்காலியை விட அது மேல். இது சொந்த ஆசை, வரவு செலவில் சேர்க்கவில்லை.

இந்த மாசியில் மேட்டு மரங்களில் நாலு மரம் முதல் தரமாக நன்றாகக் காய்த்தது. கவுண்டர் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்திருந்தார். இப்போது அவருக்குப் பட்டா வந்துவிட்டது, ஒரு ஏக்கர் முப்பது சென்ட்டுக்கு. பாத்தியில் முளைத்த கன்றைக் காட்டி, "பத்து எடுத்துட்டுப் போங்க கவுண்டரே, அடங்கல்ல ஏத்த நான் கூட வர்றேன்" என்றேன்.

குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் சார். உங்க தோட்டத்துல இருந்தா மரம். எங்கூட்டுல இருந்தா கேசு. ஏதுடா ஒனக்குன்னு ஒருத்தன் வந்து நின்னா நான் எந்தக் காயிதத்தக் காட்டுவேன்? காட்டுனா படிச்சா பாப்பான்?"

"அடங்கல் நகல் இருக்குமே கவுண்டரே."

"இருக்கும்ங்க. மொதல்ல அடி, அப்பறந்தானே காயிதம்."

பக்கத்துப் பாத்தியில் வேங்கை நாற்று இருந்தது. அதுவும் இதே குடும்பம், செம்மரத்துக்கு அண்ணன் முறை. நம் மலையில் பிறந்தது, மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். காட்டில் அதுவும் குறைந்துகொண்டுதான் வருகிறது. அதில் பன்னிரண்டு எடுத்துக்கொண்டார். பையில் அடுக்கும்போது இலையை எண்ணிப் பார்த்து, "அஞ்சு. இது நம்மளுது" என்றார்.

செம்மரக் கன்று 60க்கு மேல் பாத்தியில் நிற்கிறது. புரட்டாசி நடவுக்குத் தயாராகிவிடும். பட்டாவும் சிட்டாவும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆளுக்குப் பத்து, காசு வேண்டாம். பத்துக்கு மேல் கேட்காதீர்கள். கவுண்டர் கேட்டால் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் கொடுப்பேன், அவருக்கென்று பத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.